உறுமலில் ஓர் உபநிடதம்: சிங்கப்பூர் ‘ருத்ரா’ குழுவின் இசைத்தட்டுகள்

சிங்கப்பூரில் 1992ஆம் ஆண்டு சில தமிழ் இளைஞர்கள் கூடி ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார்கள். குழுவுக்கு ‘ருத்ரா’ என்று பெயர். கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டு வாசிக்கிற மெல்லிசைக் குழு என்று நினைத்துவிடக் கூடாது. மேற்கத்திய ராக் இசையின் கிளைகளிலேயே மிக முரடானது என்று பேரெடுத்த ‘டெத் மெட்டல்’ வகையை எடுத்துக்கொண்டு, அதில் உபநிடதத்தையும் கீதையையும் பாடிய குழு இது. பாடிய என்பதைவிட உறுமிய என்பதே பொருந்தும். இடையில் ஒருமுறை கலைந்து, மறுபடி கூடி, 1998இல் முதல் முழுநீள இசைத்தட்டை வெளியிட்டார்கள். 2022 வரை குறைந்தது ஒன்பது தட்டுகள் வந்துவிட்டன. பாடகரும் பேஸ் கிதார் வாசிப்பவருமான கதிரும், டிரம்ஸ் வாசிக்கும் சிவாவும் இக்குழுவின் இரண்டு தூண்கள். கிதார் கலைஞர்கள் வந்தும் போயும் இருக்கிறார்கள். தங்கள் இசைக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் ‘வேதிக் மெட்டல்’. உலகத்து மெட்டல் ரசிகர்கள் நடுவில் அந்தப் பெயர் ஓரளவு நிலைத்தும்விட்டது. நம்மவர் வட்டத்தில் கேட்டுப் பாருங்கள், “யாரு அது?” என்றுதான் பதில் வரும்.

சங்க இலக்கியமும் கம்பனும் சேக்கிழாரும் அலங்கரிக்கும் மலரில் இந்த இரைச்சலுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கொண்டாப்பூர் அடுக்குமாடிகளில் வளரும் நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது இதுவும் இதன் பங்காளிகளும்தாம். பக்கத்துப் பிளாட்டில் கிதார் கற்கும் கல்லூரிப் பையன்தான் இக்குழுவை எனக்கு அறிமுகப்படுத்தினான். “அங்கிள், இவங்க தமிழ் ஆளுங்க. ஆனா தமிழ்ல பாடறதில்ல” என்றான். அவன் சொன்ன இரண்டாவது வாக்கியம்தான் இக்கட்டுரைக்கு விதை. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக இருக்கும் நாட்டில், பள்ளியிலேயே தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கக் கிடைக்கும் ஊரில் பிறந்தவர்கள், தம் ஆவேசத்தைச் சொல்ல ஆங்கிலத்தையும் வடமொழியையும் ஏன் தேர்ந்தார்கள்? அந்தத் தேர்வினால் அவர்கள் இசைக்கு நேர்ந்தது நல்லதா, கெட்டதா?

முதலில் இந்த டெத் மெட்டல் என்பது என்ன என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1970இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரிலிருந்து வந்த ‘பிளாக் சபாத்’ குழுவின் முதல் தட்டோடு ஹெவி மெட்டல் தொடங்குவதாகக் கொள்வது வழக்கம். அது வேகம் கூடி, குரல் கரகரத்து, 1985இல் கலிபோர்னியாவின் ‘பொசஸ்ட்’ குழுவின் ‘செவன் சர்ச்சஸ்’, 1987இல் ஃப்ளோரிடாவின் ‘டெத்’ குழுவின் ‘ஸ்க்ரீம் பிளடி கோர்’ என்று வேறொரு உருவம் எடுத்தது. கிதாரின் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கிவிடுவார்கள். ஒரே சுரத்தைத் தேனீ ரீங்காரம் போல இடைவிடாமல் மீட்டுவார்கள். டிரம்ஸில் இரண்டு காலாலும் மிதித்து இயந்திரத் துப்பாக்கி போல அடிப்பார்கள். பாடகர் அடித்தொண்டையிலிருந்து உறுமுவார். எழுத்து தெரிந்தால்தான் சொல் புரியும். சாவு, பிணம், அழுகல், போர் என்பவைதாம் ஆரம்ப காலத்துப் பாடுபொருள்கள்.

ஆனால் அந்த ‘டெத்’ குழுவை நடத்திய சக் ஷுல்டினர் என்ற இளைஞர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1991இல் வந்த ‘ஹியூமன்’ தட்டில் தாளக்கட்டு பாட்டுக்குள்ளேயே பலமுறை மாறுகிறது; பாடுபொருளும் பிணத்தை விட்டு மனித மனத்துக்கு வருகிறது. அதே ஆண்டு ‘ஏதியிஸ்ட்’ குழுவின் இரண்டாவது தட்டும், 1993இல் ‘சினிக்’ குழுவின் ‘ஃபோகஸ்’ தட்டும் ஜாஸ் இசையை உள்ளே கொண்டுவந்தன. இந்தக் கிளைக்குத்தான் ‘ப்ராக்ரஸிவ்’ என்ற அடைமொழி. சுவீடனின் ‘ஓபத்’ குழு இதை இன்னும் நீட்டி, பத்து நிமிடப் பாட்டுக்குள் உறுமலையும் தாலாட்டையும் அடுத்தடுத்து வைத்தது. அந்தக் குழு 2009 ஜனவரியில் சென்னை ஐ.ஐ.டி.யின் ‘சாரங்’ விழாவுக்கே வந்து வாசித்துவிட்டுப் போனது. ‘ருத்ரா’வை இந்தப் ப்ராக்ரஸிவ் கிளையின் நேர் வாரிசு என்று சொல்லிவிட முடியாது. அவர்களின் அடித்தளம் பழைய முரட்டு டெத் மெட்டல்தான். ஆனால் மூன்று தட்டுகளை ஒரே தத்துவ நூலின் மூன்று பாகம் போல அமைத்ததாலும், பாட்டுக்குள் இசையின் நிறம் அடிக்கடி மாறுவதாலும் இவர்களை அந்தக் கிளையின் பக்கத்துத் திண்ணையில் உட்காரவைக்கலாம்.

முதல் தடவை கேட்பவருக்கு இது வெறும் சத்தம். ஆனால் நம் காதுக்கு உண்மையில் இது அவ்வளவு அந்நியமா? மெட்டல் கிதாரின் செல்லச் சுரம் எது என்று கவனித்தால், ஷட்ஜத்துக்கு ஒட்டி உட்கார்ந்திருக்கும் சுத்த ரிஷபம். அந்த அரைச்சுர நெருக்கத்தில்தான் அதன் இருட்டு இருக்கிறது. பாட்டு வாத்தியார் முதல் நாள் சரளி வரிசைக்கு உட்காரவைக்கும் மாயாமாளவகௌளையிலும் அதே ரிஷபம்தான். மேற்கத்தியர் ‘ஃப்ரிஜியன்’ என்று சொல்லும் அளவுகோல் நமக்குத் தோடி மேளம். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகசுரத்தில் தோடி கேட்டு வளர்ந்த ஜனங்கள், சுரம் இருட்டாக இருக்கிறது என்று பயப்படத் தேவையில்லை. தாளத்துக்கும் அப்படித்தான். நாலின் நடையிலிருந்து ஐந்துக்கும் ஏழுக்கும் தாவுவதை மெட்டல் விமர்சகர்கள் பெரிய புதுமையாக எழுதுகிறார்கள். அருணகிரிநாதரின் சந்தங்களைத் தட்டுத்தடுமாறாமல் சொல்லிப் பழகிய நாக்குக்கு அது திண்ணைப் பள்ளிக்கூடச் சமாச்சாரம்.

சரி, பிணமும் பேயும்? அதற்கும் நம்மிடம் பஞ்சமில்லை. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், கருணாகரத் தொண்டைமானின் படை ஜெயித்த களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. செத்த வீரர்களின் பல்தான் அரிசி. சமையல் குறிப்பு போல அடுக்கடுக்காக வரும் அந்தப் பகுதியை மாணவர்களுக்கு நடத்தும்போது தமிழாசிரியர்கள் கொஞ்சம் வேகமாகத் தாண்டிப் போவார்கள். ஃப்ளோரிடா இளைஞர்கள் எழுதிய எந்தப் பாட்டும் அதற்குப் பக்கத்தில் வர முடியாது. அதற்கும் பல நூற்றாண்டுக்கு முன்னே காரைக்காலம்மையார் திருவாலங்காட்டுச் சுடுகாட்டைப் பாடினார். வற்றிய முலையும் குழிந்த கண்ணும் உடைய பேய்மகளாகத் தன்னையே வைத்துக்கொண்டு, அந்த இரவில் ஆடும் இறைவனைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பாடினார். ஆட்டத்துக்கு வாசிக்கப்படும் கருவிகளைக்கூடப் பெயர் சொல்லி அடுக்குகிறார். கம்போடியாவின் பந்தே ஸ்ரீ கோயில் சிற்பத்திலும் அம்மையார் உருவம் உண்டு. பத்தாம் நூற்றாண்டிலேயே கடல் தாண்டிப் போன பாட்டி அவர்.

ருத்ரன் என்றால் வேதத்தில் புயலும் அம்பும் அழுகையும் சேர்ந்த தெய்வம், பின்னாளில் சிவன். அவன் பெயரை எடுத்துக்கொண்ட ஒரு தமிழ் டெத் மெட்டல் குழு போய்ச் சேரவேண்டிய முதல் வீடு திருவாலங்காடு என்றுதான் நான் நினைத்திருப்பேன். அவர்கள் போனது வேறு வீட்டுக்கு.

இரண்டாவது தட்டு 2001இல் வந்தது. பெயர் ‘தி ஆரியன் க்ரூசேட்’. தமிழ்ச் சூழலில் வளர்ந்த யாருக்கும் இந்தத் தலைப்பைப் படித்ததும் ஒரு கணம் மூச்சு நின்றுவிடும். அதுவும் சிங்கப்பூரில்! பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்குக் கப்பலேறி, சிங்கப்பூரிலும் பேசிவிட்டுத் திரும்பினார். அவர் வழியில் நின்ற கோ. சாரங்கபாணி 1935இல் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். தமிழ்மொழிக்கும் தமிழர் திருநாளுக்கும் அங்கே வேர் பிடிக்கவைத்தவர்களில் முதன்மையானவர் அவர். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த தமிழ்ப் பையன்கள் ‘ஆரிய’ என்ற சொல்லைப் போர்க்கொடியாகத் தூக்குவது என்ன கூத்து? நாஜிகள் அந்தச் சொல்லுக்கு ஏற்றிவிட்ட சாயம் வேறு இருக்கிறது. மெட்டல் உலகத்தின் சில மூலைகளில் அந்தச் சாயத்துக்கு ரசிகர்களும் உண்டு.

பாட்டுகளின் போக்கைப் பார்த்தால் இனவாதம் எதுவும் இல்லை. வேதாந்த நூல்களில் ஆரியன் என்றால் மேலோன், சான்றோன் என்ற பொருள்தான். இவர்கள் எடுத்ததும் அதைத்தான். குழுவின் பாடகர் வேதாந்தத்தை முறையாகப் பயின்றவர், வாய்க்கு வந்த சம்ஸ்கிருதச் சொல்லை அலங்காரத்துக்கு ஒட்டவைப்பவர் அல்லர். இருந்தாலும் ஒரு சொல்லின் அகராதிப் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு அதன் ஊர்ப் பொருளைக் கழற்றிவிட முடியாது. கரிய நிறத்துத் தமிழர்கள் ஐரோப்பிய இசையில் ‘ஆரிய’ என்று உறுமும்போது ஐரோப்பிய இனவெறியரின் முகத்தில் கரி பூசப்படுகிறது என்று ஒருவர் வாதாடலாம். எனக்கே அந்த வாதம் பாதி பிடித்திருக்கிறது. ஆனால் அதே சொல் தெற்கே ஒரு நூற்றாண்டாகச் சுமந்துவந்த சண்டையை அந்தத் தலைப்பு கண்டுகொள்ளவே இல்லை என்பது குறைதான்.

2003இல் ‘குருக்ஷேத்ரா’. இசைப்பதிவில் தெளிவு கூடுகிறது. போர் என்ற பாடுபொருள் டெத் மெட்டலுக்குக் கைவந்த கலை ஆதலால் பாட்டும் பொருளும் ஒன்றையொன்று தேடிக்கொண்டு போகின்றன. ஆனால் குழுவின் உண்மையான சாதனை அதற்கு அடுத்து வந்தது.

2005, 2009, 2011 ஆகிய மூன்று ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்ற பொதுத் தலைப்பில் மூன்று தட்டுகள். ‘பிரைமார்டியல் ஐ’, ‘டிரான்ஸென்டென்டல் ஐ’, ‘இம்மார்ட்டல் ஐ’ என்று உபதலைப்பு. கடைகளில் இவற்றை ரோமன் எண் என்று நினைத்து ‘முதல் பாகம்’ என்று படித்தவர்கள் உண்டு. அது எண் இல்லை, ‘நான்’. ஆதியான நான், அப்பாலான நான், அழியாத நான். அகம் என்ற ஒரே சொல்லைச் சுற்றி மூன்று தட்டு நிறைய இசை அமைத்திருக்கிறார்கள். மெட்டல் இசையில் ‘நான்’ எப்போதும் பெரிய இடம் பிடித்த சொல். அங்கே அது திமிறும் இளைஞனின் நான், யாருக்கும் அடங்காத நான். இவர்கள் அந்தத் திமிரை அப்படியே எடுத்து, ‘நீ நினைக்கிற நான் இல்லையப்பா அது’ என்று வேதாந்தத்தின் பக்கம் திருப்பிவிடுகிறார்கள். தலைகீழாக்கிய இந்த ஒரு யோசனைக்காகவே இத்தட்டுகளுக்கு நான் மரியாதை கொடுப்பேன்.

இரண்டாவது தட்டில் ‘ஹிம்ஸ் ஃப்ரம் தி பிளேசிங் சாரியட்’ என்று ஒரு பாட்டு. எரியும் தேரிலிருந்து எழும் துதி என்று பெயருக்குப் பொருள் சொல்லலாம். தேர்த்தட்டில் வில்லைப் போட்டுவிட்டு உட்கார்ந்த அர்ச்சுனனுக்கு நடந்த உபதேசம்தான் விஷயம். வழக்கமாகக் கீதை என்றால் நம் காதில் கண்டசாலாவின் குழைவான குரல் ஒலிக்கும். ஹைதராபாத்தில் யார் வீட்டுச் சாவுக்குப் போனாலும் அந்தக் குரல்தான் முதலில் வரவேற்கும். ஆனால் சற்று யோசித்தால், இரண்டு பக்கமும் சங்கு முழங்க, யானைகள் பிளிற, பதினெட்டு அக்குரோணிப் படை நடுவில் பேசிய பேச்சு அவ்வளவு குழைவாக இருந்திருக்குமா? இந்தப் பாட்டில் டிரம்ஸ் குதிரைக் குளம்பாகப் பாய்கிறது. உறுமல் அதற்கு மேலே ஏறி நிற்கிறது. கீதையைப் போர்க்களத்துக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்த பாட்டு என்று தயங்காமல் சொல்வேன்.

உறுமலைப் பற்றி இன்னும் கொஞ்சம். சொல்லை அழிக்கும் குரலில் ஞானம் சொல்லலாமா என்பது நியாயமான கேள்வி. சொல்லும் மனமும் எட்டாமல் திரும்பிவிடும் இடம் ஒன்று உண்டு என்பதுதானே உபநிடதங்களின் கட்சி. அப்படிப் பார்த்தால், சொல்லாகத் தொடங்கி வெறும் அதிர்வாக முடிகிற இந்தக் குரல் அந்தக் கட்சிக்குப் பொருத்தமான வக்கீல்தான். இன்னொரு பக்கம், நாம் கோயிலில் கேட்கும் அர்ச்சனை நமக்குப் புரிந்தா கேட்கிறோம்? புரியாத மந்திரம் புனிதம், புரியாத உறுமல் அபஸ்வரம் என்று பிரிப்பது காதின் பழக்கமே தவிர வேறில்லை. ‘ருத்ரா’வின் தட்டுகளில் மந்திர ஓதலும் உறுமலும் அடுத்தடுத்து வரும்போது இந்த உண்மை சுரீர் என்று உறைக்கும்.

அடுத்தடுத்து வருகின்றன, கலக்கின்றனவா என்றால், பெரும்பாலும் இல்லை. இங்கேதான் எனக்கு மனக்குறை. பாட்டின் வாசலில் சுலோகம், நடுக்கூடத்தில் கிதார், கொல்லைப்புறத்தில் மறுபடி ஒரு சுலோகம் என்று பல இடங்களில் வீடு கட்டியிருக்கிறார்கள். இந்தியக் கருவிகளும் இடையிடையே வந்து தலைகாட்டிவிட்டுப் போகின்றன. மிருதங்கத்தின் கணக்கு டிரம்ஸின் கணக்குக்குள் இறங்கி அதை மாற்ற வேண்டாமா? பிரேசிலின் ‘செபுல்துரா’ குழு 1996இல் வெளிவந்த ‘ரூட்ஸ்’ தட்டுக்காக ஷாவான்டே பழங்குடியினரோடு உட்கார்ந்து பதிவு செய்தபோது, அந்தப் பழங்குடி நடை அவர்களின் மெட்டலின் எலும்புக்குள்ளேயே போனது. அந்த அளவு துணிச்சலை ‘ருத்ரா’விடம் சில பாட்டுகளில் மட்டுமே பார்க்கிறேன்.

பாடல் வரிகளின் சங்கதி இன்னும் சங்கடம். பாட்டுத் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே தெரியும்: இருமை, அறியாமை, உணர்வு, அமரத்துவம், மாயை. எல்லாம் பண்புப்பெயர்கள். உபநிடதத்தைச் சொன்ன ரிஷிகள் அப்படிப் பேசவில்லை. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டினார்கள். ஒரே மரத்தில் உட்கார்ந்த இரண்டு பறவைகளைக் காட்டினார்கள். ஆலம்பழத்தைப் பிளக்கச் சொல்லி விதைக்குள் என்ன இருக்கிறது என்று பையனைக் கேட்டார்கள். கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளிலிருந்துதான் அவர்களின் ஞானம் கிளம்புகிறது. ‘ருத்ரா’ பல இடங்களில் பொருளை விட்டுவிட்டுத் தீர்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டது. 2013இல் வந்த ‘ருதா’வும் 2016இன் ‘எனிமி ஆஃப் டுவாலிட்டி’யும் இசையில் மிகத் தேர்ந்தவை, இத்தனை ஆண்டுப் பயிற்சி ஒவ்வொரு திருப்பத்திலும் தெரிகிறது. ஆனால் இருமையின் எதிரி என்று தட்டுக்கே பெயர் வைத்தபிறகு பாட்டில் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது?

தமிழை விட்டதன் நஷ்டம் இந்த இடத்தில்தான். தமிழில் எழுதியிருந்தால் இந்த வழுக்கல் நேர்ந்திருக்காது என்று நினைக்கிறேன். தமிழ்ப் பக்தி இலக்கியம் இடம், பொருள், ஊர், மரம் இல்லாமல் ஓரடி நகராது. சுடுகாடு என்றால் அது ஆலங்காட்டுச் சுடுகாடு. கள்ளிச்செடியும் கொள்ளிக்கட்டையும் எரிந்தும் எரியாத விறகும் அங்கே கிடக்கும். சிராங்கூன் ரோடும், அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளமும், மண்டாய் மயானமும் அந்தப் பாட்டில் வந்திருக்கும். ‘ருத்ரா’வின் தட்டுகளைக் கேட்டுவிட்டு இவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. அகில உலக இந்து என்ற முகவரி மட்டும் கிடைக்கும்.

இவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். சிங்கப்பூரில் தமிழ் என்பது பள்ளிப் பாடம், அரசு அறிவிப்புப் பலகை, வானொலிச் செய்தி, மேடைப் பட்டிமன்றம். மரியாதையான, சலவை செய்த மொழி. கோபத்துக்கும் கும்மாளத்துக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடக்கும் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவி வாசிக்க 1973 முதல் தடை இருந்தது. 2016இல்தான் வழியில் குறிப்பிட்ட சில இடங்களில் நேரடி இசைக்கு இடம் கொடுத்தார்கள். உறுமியும் மேளமும் தெருவில் ஒலிக்க முடியாத ஊரில், தமிழ் இளைஞர்கள் சிலர் நான்கு சுவருக்குள் மின்சாரக் கிதாரை மாட்டிக்கொண்டு உறுமினார்கள். உறுமி என்ற வாத்தியத்தின் பெயரையும் உறுமல் என்ற குரலின் பெயரையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஏதோ பிடிபடுகிறது. பாடச் சொன்ன மொழியில் அவர்கள் பாடவில்லை. பாடத்திட்டத்துக்கு வெளியே கிடந்த மொழியை எடுத்துக்கொண்டார்கள். சிங்கப்பூர்ப் பேராசிரியர் யூஜின் தைரியநாதன் 2009இலேயே இந்த வேதிக் மெட்டலையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தின் அடையாளச் சிக்கலையும் சேர்த்து ஆராய்ந்து கட்டுரை எழுதியிருக்கிறார். நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் இப்படி ஒரு பொருளைத் தொட்டால் நல்லது.

இன்னொரு கோணமும் உண்டு. வேதம் ஓத யாருக்கு உரிமை என்பது நம் நாட்டில் பழைய வழக்கு. கேட்டவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்ன சாத்திரங்கள் இருந்தன. சுயமரியாதை இயக்கம் அதற்குச் சொன்ன பதில்: உன் வேதமே வேண்டாம். தமிழ் அர்ச்சனைக்காரர்கள் சொன்ன பதில்: எங்கள் தேவாரம் போதும். சிங்கப்பூர் ‘ருத்ரா’வின் பதில் மூன்றாவது வகை. யாரிடமும் அனுமதி கேட்காமல் மகாவாக்கியத்தை எடுத்து, பன்றிக் கிடாய் உறுமுவது போன்ற குரலில், கறுப்பு பனியன் போட்ட கூட்டத்தின் முன்னால் முழங்கிவிட்டார்கள். இதை அவர்கள் புரட்சி என்று நினைத்துச் செய்தார்களா என்பது வேறு விஷயம். கேட்கும் எனக்கு அதில் ஒரு கைப்பற்றல் தெரிகிறது. அந்த வகையில் அம்மொழித் தேர்வை வெறும் வடமொழி மோகம் என்று ஒரே போடாகத் தள்ளிவிட மாட்டேன்.

நம்ம ஊர் நிலவரம் என்ன? ஹைதராபாத்திலேயே ‘காட்லெஸ்’ என்ற டெத் மெட்டல் குழு இருக்கிறது. 2016இல் ‘செஞ்சுரீஸ் ஆஃப் டெகடன்ஸ்’, 2018இல் ‘ஸ்வார்ம்’ என்று இரண்டு குறுந்தட்டுகள், 2021இல் ‘ஸ்டேட்ஸ் ஆஃப் கேயாஸ்’ என்ற முழுத்தட்டு. பழைய பள்ளியின் இறுக்கமான, வீண் சதை இல்லாத வாசிப்பு. கைத்திறனில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் கேட்டால் ஃப்ளோரிடாவா, ஹைடெக் சிட்டியா என்று தெரியாது. இந்தப் பக்கம் டில்லியின் ‘பிளட்டிவுட்’ குழு டோல் மேளத்தையும் பஞ்சாபியையும் ஹிந்தியையும் தூக்கிக்கொண்டு 2019இல் ஜெர்மனியின் வாக்கன் திருவிழா மேடைக்கே போய்விட்டது. அது டெத் மெட்டல் இல்லை, கொஞ்சம் எளிய சரக்குதான். இருந்தாலும் தாய்மொழியில் கத்தினால் உலகம் காதைப் பொத்திக்கொள்ளும் என்ற பயம் வீண் என்று காட்டிவிட்டது.

நம் பிள்ளைகளின் நிலை சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு நேர் எதிர். தெலங்கானாவில் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் தெலுங்கு கட்டாயம். அது நியாயமே, நாம் குடிவந்த மண்ணின் மொழி அது. தமிழ் வீட்டுக்குள் மட்டும் பேசும் மொழியாகிவிட்டது. எழுத்து பல பேருக்குத் தெரியாது. அவர்களுக்குத் தமிழ் சலவை மொழி இல்லை. அம்மா திட்டுகிற மொழி, அண்ணன் தம்பி சண்டை போடுகிற மொழி. அதாவது டெத் மெட்டலுக்கு வேண்டிய மொழி! செயங்கொண்டாரைப் படிக்கத்தான் அவர்களுக்கு ஆள் வேண்டும். நம் மன்றத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் ஆத்திசூடியோடு பரணியின் கூழடுதலையும் ஒருநாள் வாய்விட்டுப் படித்தால் பையன்கள் கைப்பேசியைக் கீழே வைப்பார்கள் என்று பந்தயம் கட்டத் தயார்.

கொண்டாப்பூர் என்று இன்னொரு ஊர் இருக்கிறது, சங்காரெட்டி மாவட்டத்தில். சாதவாகனர் காலத்துக் காசுகள் ஏராளமாகக் கிடைத்த மேடு. நிஜாம் அரசின் தொல்லியல் துறை 1940களின் தொடக்கத்தில் தோண்டியது. நம் கொண்டாப்பூரைத் தேடி வந்த விருந்தாளிகள் வரைபடத்தில் வழி தப்பி அங்கே போய் நின்ற கதைகளும் உண்டு. சாதவாகன அரசர் சிலர் வெளியிட்ட வெள்ளிக் காசுகளில் ஒரு பக்கம் பிராகிருதம், மறுபக்கம் ஒரு தென்மொழி. அந்தத் தென்மொழி தமிழே என்று இரா. நாகசாமி வாதிட்டார், தெலுங்கின் பழைய உருவம் என்பாரும் உண்டு. வழக்கு எப்படித் தீர்ந்தாலும், வடக்கத்தி மொழியில் அதிகாரம் பேசிய அரசனுக்கும் காசைப் புரட்டினால் உள்ளூர் மொழி தேவைப்பட்டிருக்கிறது. ‘ருத்ரா’வின் காசில் ஒரு பக்கம் அழுத்தமாக, அழகாக அச்சாகியிருக்கிறது. மறுபக்கம் அநேகமாக வழவழவென்று இருக்கிறது.

கேட்டுப் பார்க்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. முதல் தட்டிலிருந்து வரிசையாகத் தொடங்க வேண்டாம், பாதியில் ஓடிவிடுவீர்கள். 2009ஆம் ஆண்டின் ‘டிரான்ஸென்டென்டல் ஐ’ தட்டை எடுத்து அந்தத் தேர்ப் பாட்டை மட்டும் மூன்று தடவை கேளுங்கள். முதல் தடவை டிரம்ஸை மட்டும் கவனியுங்கள், குரலை விட்டுவிடுங்கள். இரண்டாம் தடவை கிதாரில் சுத்த ரிஷபம் எங்கே வந்து இடிக்கிறது என்று பாருங்கள். மூன்றாம் தடவை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு குரலைக் கேளுங்கள். அது பிடித்துப்போனால் அதே தட்டில் அஷ்டாவக்கிரரைப் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, அதற்குப் போகலாம். எட்டுக் கோணல் உடம்போடு ஜனகன் சபைக்குள் நுழைந்து, சிரித்த பண்டிதர்களை வாயடைக்கவைத்த பிள்ளை அவர். இந்தக் கோணல் இசைக்குப் பொருத்தமான கதாநாயகன்.